சோம்பேறி நுரை

அப்பா,

"அந்த லேப்ல நாள் பூரா என்னதாம்மா பண்றே?" என்று போனில் கேட்டீர்கள். இந்த வாரம் செய்ததைச் சொல்கிறேன்.

ஆமணக்கெண்ணெயோடு இன்னொரு திரவத்தைக் கலந்து பாலியூரித்தேன் நுரை செய்கிறோம். செவ்வாயன்று எண்ணெயின் அளவைக் கொஞ்சம் மாற்றினேன். கோப்பையில் பொங்கி இறுகிய நுரையை விரலால் அழுத்தியபோது குழி விழுந்தது, உடனே எழவில்லை. ஆறு விநாடி எடுத்துக்கொண்டு சாவகாசமாக எழுந்தது. எங்கள் லேப் தலைவர் எட்டிப் பார்த்து, "சோம்பேறி நுரை. தூக்கிப் போடுங்க," என்றார். ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். எண்பதாயிரம் முறை மிதிபட்டும் தடிமன் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பாரத்தை ஒரே இடத்தில் வாங்காமல் சுற்றிலும் பரப்பிவிடுகிறது! நேற்று ஒரு துண்டை என் செருப்பில் ஒட்டி நாள் முழுக்க நின்றேன். வலியே இல்லை. இன்று தலைவரே, "இன்னொரு கோப்பை ஊத்துங்க," என்கிறார்.

உங்கள் செயற்கைக் கால் நன்றாகப் பொருந்திவிட்டது என்கிறீர்கள். அம்மாவோ அந்தக் காலுக்குப் போடும் துணியுறையை தினமும் பச்சைத் தண்ணீரில் அலசுகிறாளாம். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது என்று எனக்கும் தெரியும், அப்பா.

அந்தக் காலுக்குள் வைக்க இந்த நுரையில் ஒரு மெத்தை வார்க்கப் போகிறேன். உறுத்தும் இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, அம்மாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வழக்கம்போல "ஒண்ணுமில்லம்மா" என்று எழுதிவிடாதீர்கள். ஒண்ணுமில்லைக்கு எங்களிடம் அச்சு கிடையாது.

உங்கள் மூத்த மகள்