புளியங்கொட்டை முறை

12 ஜூன் 2024

இன்றும் மேசையில் ஒன்றுமில்லை. ஒரு பழைய வார இதழ் கிடந்தது. அதுவும் காயத்ரி அக்கா தன் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்தது.

சின்ன காஞ்சிபுரம் கிளை நூலகத்தில் என் ஆராய்ச்சி இந்த லட்சணத்தில்தான் போகிறது. காயத்ரி அக்கா அங்கே நூலகர். நான் பகலில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர், மாலையில் நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு முட்டி மோதும் மாணவி. வழிகாட்டி ராமராஜன் சார் சொல்லிக்கொடுத்த முறை எளிதானது. வாசகர்கள் படித்த நூலை அலமாரியில் திரும்ப வைக்காமல் மேசையிலேயே விட வேண்டும். மாலையில் போய் நான் எண்ணினால், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் உள்ளேயே படிக்கப்படும் நூல்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். எண்ணுவதற்குத்தான் எதுவும் இல்லை.

18 ஜூன்

சாரிடம் போனில் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "தரவு என்ன சொல்லுதோ அதை எழுதும்மா. உள்ளே உட்கார்ந்து படிக்கிற வழக்கம் அங்கே இல்லைன்னு எழுது. டிசம்பர் தாண்டினா இனிமே நீட்டிப்பு கிடையாது."

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நான் கல்லூரி வரை படித்ததே அந்த அறையில்தான். ஒரு நூலையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. வீட்டில் இருந்தது ஒரே அறை, அதில் அப்பாவும் டிவியும் இருந்தார்கள். என்னைப் போன்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வர மாட்டார்கள் என்று காட்டத்தானே இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினேன்? இப்போது அங்கே யாரும் படிப்பதில்லை என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட வேண்டுமாம்.

முடியாதுபா. எழுத மாட்டேன்.

19 ஜூன்

எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன். அடித்தேன்.

30 ஜூன், ஞாயிறு

என்னைப் போல ஒரு மக்கு என் சொந்த ஊர் முசரவாக்கத்தில் பிறந்ததே இல்லை.

சர்ச் முடிந்து நேராக நூலகத்துக்குப் போனேன். எண்ணுகிற நேரமும் இல்லை, சும்மாதான் போனேன். ஏதோ ஒரு பயண நூலை எடுத்து உட்கார்ந்தவள் நேரம் போனது தெரியாமல் படித்திருக்கிறேன். வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன். என் வீட்டுக்காரர் சத்யராஜ். "வரியா, இல்ல குடித்தனமே இங்கதானா?" என்று கேட்டார். அவசரமாக எழுந்தேன். நூலை மூடினேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் செருகினேன். நிமிர்ந்தால் எதிரே என் பலகை: 'படித்த நூலை மேசையிலேயே விடவும்.' என் கையெழுத்துதான்.

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற வீராசாமி ஐயா தன் நூலை மூடி, வேட்டி முனையால் அட்டையைத் துடைத்து, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் அதையே செய்தார்கள். மேசை பளிச்சென்று காலி.

"ஐயா, போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்மா. அது எடுத்த எடம் தெரியாதவங்களுக்குப் போட்டது போலன்னு நெனச்சேன். படிச்ச புக்கை அப்படியே போட்டுட்டுப் போறதுக்கு அது இன்னா எச்சில் தட்டா?"

நான் மாலையில் வருவதற்குள் தினமும் இப்படித்தான் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு இருக்கிற ஐயம்பேட்டை வரைக்கும் சத்யராஜ் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் இருந்த சவாரிகளுக்கும் கதையைச் சொல்லிவிட்டார்.

2 ஜூலை

புது யோசனை. தெருவில் தறி இருக்கிற வீட்டில் கேட்டால் பட்டு நூல் துண்டுகள் கை நிறையக் கிடைக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டு செருகி வைத்தாயிற்று. பிரித்தால் விழும். விழுந்தால் யாரோ படித்தார்கள் என்று அர்த்தம். காயத்ரி அக்காவும் நானும் கழுத்து நோகச் செருகினோம்.

16 ஜூலை

ஒரு துண்டும் விழவில்லை. பக்க அடையாளம் என்று நினைத்து, எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில் பத்திரமாகத் திரும்ப வைக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற சிம்ரன் வேறு என்னிடம் வந்து, "அக்கா, இந்த புக்ல மட்டும் யாரோ நூலை எடுத்துட்டாங்க. எங்க வீட்ல இருந்து ஒண்ணு எடுத்தாந்து வெச்சிட்டேன்," என்கிறாள். மாம்பழ மஞ்சள். நல்ல பட்டு.

கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது, ஓவென்று அழலாம் போலவும் இருந்தது. டிசம்பருக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது?

21 ஜூலை

வரதர் கோயில் வழியாக வரும்போது பார்த்தேன். உண்டியல் முன்னால் ஒரு அப்பா குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தார். காசு உள்ளே விழுந்ததும் குழந்தை இன்னொன்று கேட்டு அடம்.

இந்த ஊரில் எதையும் வெளியே விட்டுப் போகச் சொன்னால் கை வராது. உள்ளே போடச் சொன்னால்?

பிஸ்கட் டப்பா மூடியில் ஓட்டை போட்டேன். மாமியார் புளி தட்டி ஒதுக்கிய கொட்டைகளைக் கழுவி ஒரு கிண்ணத்தில் வைத்தேன். புதுப் பலகை: 'நூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு இதில் ஒரு கொட்டை போடவும்.'

23 ஜூலை

டப்பா கனக்கிறது. கனக்கிறது!

6 ஆகஸ்ட்

சத்தம் கேட்பதற்காகவே சின்னப் பிள்ளைகள் கைப்பிடியாக அள்ளிப் போட்ட நாட்களைக் கழித்துவிட்டேன். மற்ற நாட்களில் காயத்ரி அக்கா நூலைத் திரும்ப வைப்பவர்களைக் கண்ணால் பார்த்துக் கோடு போட்டுச் சரிபார்த்தார். கோடும் கொட்டையும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. வீட்டுக்குப் போகிற நூல்களைவிட உள்ளே படிக்கப்படுபவை எத்தனையோ மடங்கு.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசை முறையில்தான் அவரே பட்டம் வாங்கினார்.

"புளியங்கொட்டையா?"

"ஆமா சார்."

"சரி. முதல்ல என் முறை அங்கே ஏன் தோத்துச்சுன்னு ஒரு அத்தியாயம் எழுது. எனக்காகப் பூசி மெழுகாதே."

இந்த மனிதர் நூறு வயசு நல்லா இருக்கணும்.

27 டிசம்பர்

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. தூங்கப் போகிறேன்.

19 ஆகஸ்ட் 2025

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதையெல்லாம் ஒரு முறை என்று சொல்லலாமா என்று கேட்டார். சரிபார்த்த விதத்தைச் சொல்லிவிட்டு, என் பலகையை நானே மீறிய ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தானும் நூலை அப்படித்தான் எடுத்த இடத்தில் வைத்திருப்பாராம்.

முனைவர் ஷாரோன். சத்யராஜ் மாலை வாங்கி ஆட்டோவுக்குப் போட்டார். எனக்கு ஒரு பூகூட இல்லை.

4 அக்டோபர் 2025

ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் போன மாதம் கிளை நூலகத்துக்குக் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியது, பருமனோ தலையணை அளவு. யார் தொடப்போகிறார்கள் என்று கொடுக்கும்போதே நினைத்தேன்.

இன்று போனால் பிஸ்கட் டப்பாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்தார்களாம். "கம்ப்யூட்டருக்கு வெச்சோம், முத்திரைக்கு வெச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் காயத்ரி அக்கா. கணக்கெடுப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீராசாமி ஐயா கூப்பிட்டார். "உன் புக்குல மூணாவது அத்தியாயத்துக்கு வந்துட்டேன்மா."

"என் புக்கா? அதையா படிக்கிறீங்க?"

"தினமும் ரெண்டு பக்கம். இங்க்லீஷ் கஷ்டமா இருக்குது. அதனால ரெண்டு கொட்டை போடறேன். உன்னுதுக்கு ஒண்ணு, டிக்ஷனரிக்கு ஒண்ணு."

பட்டம் கிடைத்த அன்றுகூட நான் அழவில்லை. இன்று அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு ஐயாவுக்கு 'ஹைபாதெசிஸ்' என்றால் என்னவென்று சொல்லிவிட்டு வந்தேன்.