பட்டியலில் இல்லாத ஊருக்கு வந்த இன்சுலின்

அனுப்புநர்:
மெல்ஸ் ஓரோஸ்பாயேவ்,
மருந்துக்கடை, கிசில்-பெல் கிராமம்
(கோடையில்: மேல் மேய்ச்சல் நிலம், மூன்றாவது கூடாரம்)

பெறுநர்:
மருந்து உரிம அதிகாரி அவர்கள், நரின்.

பொருள்: மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் திருமதி பூருல்சா அசனோவா அவர்களின் உரிமத்தை ரத்து செய்யாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனுவாகத்தான் தர வேண்டும் என்றார் தங்கள் எழுத்தர். தந்துவிட்டேன். ஆனால் இதில் புகார் கொஞ்சம்தான், மீதியெல்லாம் நன்றி. பொறுத்தருள்க.

2. ஜூன் பிறந்தால் எங்கள் ஊரே ஆடு, குதிரைகளோடு மேய்ச்சல் நிலத்துக்கு ஏறிவிடும். என் கடையும் கூடவே ஏறும். முன்பெல்லாம் பூருல்சாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், பால் லாரியில் சரக்கு வந்துவிடும். இவ்வாண்டு கிடங்கை நடத்தும் மருந்து நிறுவனம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. நானும் ஒழுங்கான மனிதனாக, கதவைப் பூட்டியதும் கைபேசியில் ‘கடை மூடப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்தித் தொலைத்தேன். கம்ப்யூட்டர் அதை நிரந்தரமாக மூடியதாக எடுத்துக்கொண்டு, ஊரையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. என் தவறை மறைக்கவில்லை.

3. என் மனைவி சைராகுல் தினம் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஜூலை 9 அன்று இரண்டு நாளுக்குத்தான் மருந்து மீதி. சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் ஏறி நகரக் கடைகளைக் கேட்டேன். கோடையில் விற்பனை குறையும் என்று அவர்களுக்கும் கம்ப்யூட்டர் அளவைக் குறைத்திருந்ததாம், எனக்குத் தர மிச்சமில்லை. பூருல்சாவை அழைத்தேன். “அண்ணே, கம்ப்யூட்டரு உங்க ஊரே இல்லைங்குது. அக்கா இருக்காங்கல்ல? அது போதும். போனை வைங்க, நான் அனுப்புறேன்” என்றார்.

4. மறுநாள் பால் லாரியில், பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் மருந்து வந்தது. “இல்லாத ஊருக்குச் சரக்கு கொண்டாந்திருக்கேன், ஒரு கிண்ணம் குதிரைப்பாலாவது ஊத்துங்கண்ணே!” என்று ஓட்டுநர் ஜெனிஷ் கிண்டல் செய்தான். நான் அழுதுவிட்டேன் ஐயா. அதில் எனக்கு வெட்கமில்லை.

5. பதிவில்லாமல் மருந்து வெளியே போனதாக நிறுவனம் தங்களுக்கு எழுதியிருப்பதாக அறிகிறேன். பூருல்சா எதையும் ஒளிக்கவில்லை. மூடிய கடைக்கு மருந்து பதிய அந்தக் கம்ப்யூட்டரில் வழியே இல்லை. ஆகவே தாளில் எழுதி, நேரம் குறித்து, தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

6. கம்ப்யூட்டர் மேல் எனக்குப் பகையில்லை. ‘மேலே ஏறிவிட்டோம்’ என்று ஒரு பொத்தான் வைக்க நிறுவனத்துக்கு உத்தரவிட்டால் போதும். பூருல்சாவின் உரிமத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று பணிந்து கேட்கிறேன். சாட்சி தேவையென்றால் சைராகுலை அழைத்து வருகிறேன். தங்கள் அலுவலகப் படிகளில் அவளே ஏறி வருவாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தாங்கள் தீர்ப்பு எழுதுங்கள்.

நன்றிக்கடன்பட்ட,
மெல்ஸ் ஓரோஸ்பாயேவ்

இடம்: மேல் மேய்ச்சல் நிலம், கிசில்-பெல்
நாள்: ஜூலை 21