மஞ்சள் பூசிய சர்வே கல்

அக்கா,

லேப்டாப்பின் விசைகளில் மஞ்சள் ஏறியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன், கறையும் போகவில்லை, வாசனையும் போகவில்லை. காலையில் கல்லுக்குப் பூசிய கையைச் சரியாகக் கழுவாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய். கல்லுக்கு மஞ்சள் பூசிய உன்னைப் பைத்தியம் என்றவள் நான்தானே.

உத்தனப்பள்ளிப் பக்கத்து நம் ஊரில் பிளாட் போட வந்தவர்கள், தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தையும் சேர்த்து வளைக்கத் தொடங்கிய நாள் அது. ஜேசிபி சர்வே கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நம் நிலத்து மூலையில் மட்டும் ஒரு கல் மிச்சம். ஷிப்ட் முடிந்து வந்த நீ யூனிபார்மைக்கூட மாற்றாமல், அடுப்படி மஞ்சளைக் கொண்டுபோய் அதில் அப்பினாய், குங்குமம் வைத்தாய், உன் கண்ணாடி வளையலைக் கழற்றி மாட்டினாய். "கல்லுன்னா புடுங்குவானுங்க. சாமின்னா சுத்திக்கிட்டுப் போவானுங்க. நீ பேசாம இருடி" என்றாய். ஜேசிபி ஓட்டியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அன்றிலிருந்து தெருவுக்கே அந்தக் கல் அம்மன்தான். கல்லை வெளியே விட்டு, நிலத்தை உள்ளே வைத்து மதில் எழுந்தது.

"உங்க நிலம் ஏரிக்குள்ள இருக்குதும்மா" என்று அவர்களுடைய மேனேஜர் சொல்லிவிட்டார். நீ ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தாய். போன வருஷம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. காய்ச்சல் மேலும்தான், அந்த மேனேஜர் மேலும்தான்.

ஓசூர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற நான், அந்தக் கோபத்திலேயே வரைபட மென்பொருளையும் கற்றுக்கொண்டேன். பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் போர்த்தினால், அது நழுவிக்கொண்டே இருந்தது. அன்றும் இன்றும் அசையாத புள்ளிகள் வேண்டும். மேற்கே பாறை இருந்தது. ஏரி மதகு இருந்தது. மூன்றாவதாக, பழைய படத்திலும் குறித்திருந்த உன் கல். மூன்றையும் பொருத்தியதும் வரைபடம் அசையாமல் உட்கார்ந்தது. தாத்தாவின் நிலம் ஏரிக்குள் இல்லை. பூங்கா என்று சொல்லி அவர்கள் ஊஞ்சல் கட்டியிருக்கும் இடம்தான் அது. படத்தை அச்செடுத்து மனுவோடு வைத்தேன். அந்தக் கல்லிலிருந்து அளந்து பார்க்கத் தாசில்தார் உத்தரவு போட்டார்.

மறுநாளே மேனேஜர் தேங்காய் பழத்தோடு நம் தெருவுக்கு வந்தார். "ரோட்டோரமா மார்பிள் போட்டுக் கோயில் கட்டித் தர்றோம். அம்மனை மேளதாளத்தோட அங்க கொண்டுபோயிடலாம்" என்றார். தெருவுக்கே உச்சி குளிர்ந்துவிட்டது. பெரியப்பாகூட, "நல்ல காரியந்தானே பாப்பா" என்றார். கல்லை எடுத்துவிட்டால் அளக்கத் தொடங்க இடமே இல்லை. வெறும் கல்தான் என்று நான் உண்மையைச் சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். சாமி என்றால் தூக்கிக்கொண்டு போவார்கள். நீ வைத்த சாமி எனக்கே வில்லங்கமாக வந்து நின்றாள்.

"அம்மனைக் கேக்காம எப்படி? பூ வெச்சுக் கேப்போம்" என்றேன். கல்லின் தலையில் வைத்த பூ விழுந்தால் சம்மதம். ஊர் வழக்கம், யாரால் மறுக்க முடியும்? இன்று விடிந்ததும் நானே கல்லைக் குளிப்பாட்டி, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, தடிக்கத் தடிக்க அப்பினேன். பூவையும் நானே அழுத்தி வைத்தேன். தெருவே கூடி நின்றது. மேனேஜரும் கைகூப்பி நின்றார். வெயில் ஏறியது. பூ அசையவில்லை.

"வர மாட்டேங்கறாளே" என்றார் பெரியப்பா.

"இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்க" என்றார் மேனேஜர்.

"அம்மனுக்கு ஒரே பேச்சுதாங்க சார்" என்றேன்.

பொய்தான். இருக்கட்டும். நம் நிலம் ஏரிக்குள் இருக்கிறது என்ற வாய்க்கு இந்தப் பொய் போதாது. இந்தத் துணிச்சல் உன்னுடையது அக்கா. நீ போன பிறகும் அதை நான் திருப்பித் தரவில்லை, தரப்போவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வருகிறார். கல் அதே இடத்தில் இருக்கும், உன் வளையலோடு. அளக்கும் நாடாவின் முதல் முனையை அதன் மேல் நான்தான் பிடிப்பேன்.