நட்சத்திரம் ஒட்டிய நோட்டு

அக்கா,

இன்று அலமாரியை ஒழித்தபோது நட்சத்திர ஸ்டிக்கர் அட்டை ஒன்று கிடைத்தது. பாதி தீர்ந்திருக்கிறது, மீதி அப்படியே இருக்கிறது. பசை காய்ந்துவிட்டது. அது ஏன் பாதியில் நின்றது என்று இந்தப் பள்ளியில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் திருவொற்றியூருக்கு மாற்றலாகி வந்த புதிது. காலை உணவு வண்டி வரத் தொடங்காத காலம். நீங்கள் சத்துணவுக் கூடத்தில் மதியச் சமையல் செய்துகொண்டிருந்தீர்கள். ஐந்தாம் வகுப்புச் சுவரில் பால், முட்டை, கீரை, ஆப்பிள் என்று சத்துணவுப் படம் மாட்டினேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தினமும் எழுதி வரவேண்டும், நல்ல உணவுக்கு நட்சத்திரம் என்று அறிவித்தேன். ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் ஆப்பிள் தின்ன ஆரம்பித்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டுகளைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அதிக நட்சத்திரம் கீர்த்தனாவுக்கு. ஒரு திங்கட்கிழமை, காலை வணக்கத்தில் அவள் மயங்கி விழுந்தாள். அன்று எழுதி வந்திருந்தது: இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். சாப்பிட்டும் விழுகிறாளே, ஏதோ பெரிய நோய் என்று பயந்துபோனேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஆள் அனுப்பினேன். அவள் கண்ணைத் திறந்ததும் நீங்கள் உங்கள் தூக்கில் இருந்த பழைய சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டுக் கொடுத்தீர்கள். மடமடவென்று குடித்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

"இன்னா டீச்சர் நீ? அவங்கம்மா விடியறதுக்குள்ள காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் பூடுது. வூட்ல அடுப்பே பத்தலை. நீ ஸ்டார் குடுக்கிறியேன்னு அது எழுதினு வருது. நோட்டைப் பாக்காத டீச்சர். வரிசையில தட்டைப் பாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. படித்துவிட்டு வந்தவளுக்கு நீங்கள் சொல்லித்தருவதா என்று. மதியம் வேண்டாவெறுப்பாக வரிசை அருகே போய் நின்றேன். மணி அடிக்கும் முன்பே தட்டோடு வந்து நின்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் நட்சத்திரக்காரர்கள். வெட்கமாக இருந்தது, அக்கா.

மறுநாளிலிருந்து முதல் பாடவேளையை எல்லோருக்கும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்துத் தொடங்கினேன். படம் சுவரிலேயே இருந்தது. நோட்டை நிறுத்திவிட்டேன். கீர்த்தனா அதன்பின் மயங்கவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை முற்றியிருந்ததும், கால் புண் ஆறாமல் கிடந்ததும் நீங்கள் வேலைக்கு வராமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்தேன். பாத்திரம் கழுவும் நேரத்தில், "சாப்டீங்களா அக்கா?" என்று கேட்பேன். "ஆச்சு டீச்சர்" என்பீர்கள். அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுக்காத குறையாக நம்பிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். தூக்குச் சோற்றைக் கீர்த்தனாவுக்குக் கொடுத்த அன்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

இப்போது உங்கள் இடத்தில் வேறொருவர் சமைக்கிறார். பிள்ளைகள் எழுந்து போனதும் கேட்டால் அவரும் "ஆச்சு டீச்சர்" என்கிறார். என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். அவர் தட்டில் சோறு விழும்வரை மூடியைத் திறப்பதில்லை.