கெடார் ஓடைப் பாலத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கோருதல்

விடுநர்:
டுவேன் கோவாரிக்,
முடிதிருத்தும் கடை,
கெடார் ஓடைப் பாலத்தின் கிழக்கு முனை,
ப்ரூக்னர் நகரம், நெப்ராஸ்கா.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் திருமதி அர்டித் வான்டர்வீன் அவர்கள்,
நகர மன்றம், ப்ரூக்னர்.

பொருள்: ஒரே சீரான அவசரகால மேலாண்மை முறையின்படி என் தோளில் ஏறிய தலைமைப் பொறுப்பை இறக்கி வைப்பதும், பாலத்தைத் திறப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய மேயர் அம்மையீர்,

1. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புதிய முறைக்கு நான் எதிரியல்லன். முன்பு வெள்ளம் வந்தபோது தீயணைப்புத் துறை ஒரு பெயர் சொல்லி ஓடியது, காவல்துறை வேறு பெயர் சொல்லி ஓடியது, இரண்டும் ஒரே தெரு என்பது வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரிந்தது. எனவே எல்லோருக்கும் ஒரே சொற்கள், ஒரே சட்டை, ஒரே தலைவர் என்று மன்றம் தீர்மானம் போட்டபோது பின்வரிசையில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த பயிற்சிக்கும் வந்திருந்தேன். கேக் இருந்தது என்பதால் வந்தேன். அது வேறு விஷயம்.

2. ஏப்ரல் மாதம் ஓடை பெருகி, ஒரு பெரிய மரம் மிதந்து வந்து பாலத்தில் முட்டி நின்ற காலையில், நான் லெஸ்டர் ஹூபர் என்பவரின் தலையில் பாதியை முடித்திருந்தேன். சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். மழை கொட்டியது, என்னிடம் கோட்டு இல்லை. பாலத்தருகே நகராட்சி வைத்திருந்த சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பச்சை மேற்சட்டை ஒன்றும் ஒரு வாக்கி டாக்கியும் இருந்தன. குளிருக்காகச் சட்டையை மாட்டிக்கொண்டேன். லெஸ்டர் கழுத்தில் துணியுடன் வாசலில் நின்று, "ஏய் டுவேன், முதுகுல என்னமோ எழுதியிருக்குடா!" என்று கத்தினார். எழுதியிருந்தது: சம்பவத் தலைவர், அதாவது கமாண்டர்.

3. முதலில் வந்து சேர்பவரே தலைவர் என்பது விதி. தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரில் வந்து, நிலைமையைக் கேட்டறிந்து, "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் வரை அவரே தலைவர். நல்ல விதி. நான் பாலத்தை மூடச் சொன்னேன். மூடினார்கள். என் வாழ்நாளில் நான் சொன்னதை ஒருவர் உடனே கேட்டது அதுவே முதல்முறை என்பதால் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

4. பிறகு தீயணைப்புத் தலைவர் லோவெல் ஸ்டெக்கர் வந்தார். சான்று பெற்றவர். சட்டையைக் கழற்றி நீட்டினேன். "சேச்சே, நீதான் பிரமாதமா பண்ணிட்டிருக்கியே. உன் கையிலேருந்து புடுங்கின மாதிரி ஆயிடும்" என்றார். அடுத்துப் பொதுப்பணித் தலைவி ஜோலீன் ப்ரூயட் வந்தார். அவரும் சான்று பெற்றவர். "லோவெல் இருக்கும்போது நான் எப்படி? அவன் என்ன நெனப்பான்?" என்றார். கடைசியாகத் தாங்களே ரப்பர் காலணியுடன் வந்து, என் கையைக் குலுக்கி, "ரொம்ப நல்லா பாத்துக்கறே டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அம்மையீர், நம் ஊரில் தட்டில் மீந்திருக்கும் கடைசித் துண்டு கேக்கை எவரும் எடுப்பதில்லை. அது அங்கேயே காய்ந்து கல்லாகும். எடுத்தவர் பேராசைக்காரர் ஆகிவிடுவார். அந்தப் பச்சைச் சட்டை இப்போது நம் ஊரின் கடைசித் துண்டு. விதியை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, நம்மோடு சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அல்லர்.

5. வெள்ளம் வடிந்துவிட்டது. மரத்தை அறுத்து விறகாக்கிவிட்டார்கள். ஜோலீன் பாலத்தின் அடியில் இறங்கி ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்து, என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "பாலம் கல்லு மாதிரி இருக்கு. ஆனா மூடினது நீ, நீதான் தொறக்கணும்." திறக்கிறேன் என்றேன். "மூட யார் சொன்னாலும் போதும், தொறக்கச் சான்று வேணும். உனக்குத்தான் இல்லையே, டுவேன்." அப்படியானால் நீங்களே தலைமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஐயையோ, லோவெல்..." என்று எழுந்து போய்விட்டார். பொறுமை போய், ஒருநாள் நானே தடுப்பை இழுத்து ஓரம் போட்டேன். இளம் காவலர் ஒருவர் வந்து, "கமாண்டர் உத்தரவு இருக்குங்க, மிஸ்டர் கோவாரிக்" என்று மரியாதையாகச் சொல்லி, தடுப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

6. இதுவரை எழுதியதைக் கடையில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இனி எழுதுவதற்குச் சிரிக்க முடியவில்லை.

என் மனைவி மார்லிஸ் இதய நோயாளி. வீடு ஓடைக்குக் கிழக்கே, மருத்துவமனை மேற்கே. சென்ற வாரம் தோட்டத்தில், கேக்கில் போடும் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் பாலத்தின் மறுமுனைக்கு வந்து நின்றது. வீட்டிலிருந்து அதன் விளக்கு தெரிந்தது. தலைவர் எந்நேரமும் சட்டையும் வாக்கி டாக்கியுமாக இருக்க வேண்டுமாம்; என் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி பேசியது. ஓட்டுநர் ஷெல்பி: "கமாண்டர், பாலம் மூடியிருக்கு. கடந்து வரவா, சுத்தி வரவா?" மார்லிஸின் தலை என் மடியில். கடந்து வா என்றேன். ஷெல்பி கட்டுப்பாட்டு அறையைக் கேட்டாள். பிறகு, "மன்னிச்சுக்குங்க மிஸ்டர் கோவாரிக், சான்று உள்ளவங்க சொல்லணுமாம்..." என்றாள். அழுதாளோ என்னவோ. தானியக் கிடங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் விதியைப் பின்பற்றினாள். நாம்தான் பின்பற்றவில்லை.

மார்லிஸ் பிழைத்துவிட்டாள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி அவள் சொன்ன முதல் வார்த்தை: "டுவேன், மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டித் தொலை." அடுத்த முறை சுற்றி வர நேரம் இருக்காது என்று மருத்துவர் சொல்கிறார்.

7. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் சன்னல் பக்கம் போகிறேன், சன்னலுக்குப் போனால் பாலத்துக்குப் போகிறேன், பாலத்தில் நின்றால் மார்லிஸ் தனியாக இருக்கிறாளே என்று திரும்பி ஓடுகிறேன். லெஸ்டரின் ஒரு காது நூலிழையில் தப்பியது. சூறாவளிக் காலமும் வந்துவிட்டது. மேற்கே ஒரு மேகம் கறுத்தால்கூட ஊரே என் முகத்தைப் பார்க்கிறது.

8. எனவே தாங்கள் லோவெல், ஜோலீன் இருவரில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டுகிறேன். 'தகுந்த ஒருவர்' என்று எழுதிவிடாதீர்கள். மறுபடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வரும் வியாழக்கிழமை தாங்களே அவரைக் கடைக்கு அழைத்து வரவேண்டும். சட்டை கொக்கியில் தொங்கும். நிலைமையை நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவேன்: பாலம் நன்றாக இருக்கிறது, என் மனைவி நன்றாக இல்லை.

மார்லிஸ் வெட்டிப்போட்ட அந்த ருபார்பில் நானே கேக் செய்திருக்கிறேன். தட்டில் ஒரே ஒரு துண்டுதான் வைப்பேன். வருகிறவர் நம் ஊர் வழக்கப்படி 'வேண்டாம், வேண்டாம்' என்பார். தாங்கள் அதை அனுமதிக்கக் கூடாது. முதலில் பாலத்தைத் திறக்கட்டும். பிறகு எல்லோரும் பார்க்க அந்தத் துண்டை எடுத்துச் சாப்பிடட்டும்.

இன்னமும் தலைவராக இருக்கும், ஒரு நிமிடமும் இருக்க விரும்பாத,

(ஒப்பம்)
டுவேன் கோவாரிக்

இடம்: ப்ரூக்னர், பாலத்தின் தவறான பக்கம்
நாள்: 5 ஜூன் 2006