ஏழாம் குப்பி

ஆனி 4, செவ்வாய். ஆம்பூர். புழுக்கம்.

இன்று இவரிடம் சொல்லாமல் விட்டது: "அப்படியானால் நம் இருவரில் யார் என்று எப்படித் தெரியும்?"

இவர் ஆராய்ச்சிக்காக வீட்டில் வளர்க்கும் பழ ஈக்களில் வளைந்த சிறகு வகை, ஏழாம் குப்பி. இரண்டு வாரமாகியும் ஒரு புழு இல்லை. முதலில் வெயில்தான் காரணம் என்றார். அதே ஈரச்சாக்குக்கு அடியில் ஆறாம் குப்பியில் புழு நெளிகிறது. ஏழாம் குப்பிப் பெண் ஈக்களை வேறு ஆண்களோடு விட்டோம், பொரித்தன. அந்த ஆண்களைப் புதுப் பெண்களோடு விட்டோம், காலி. (ஆண் தொடுமுன் பெண் ஈக்களை விடியலில் பிரிப்பது என் வேலை.)

"கோளாறு ஆணிடம்தான். ஒரே ஒரு ஜீன் மாறிப்போச்சு. ரெண்டு பக்கமும் பார்க்காம முடிவு சொல்லக்கூடாது, பார்த்தியா?" சந்தோஷமாகக் கல்லூரிக்குப் போனார்.

மத்தியானம் அத்தை: "ஆவணியில நாள் பாத்தாச்சு. அவனுக்கு ரெண்டாந்தாரமா நாட்றம்பள்ளி கஸ்தூரி. ஆறு வருசம் பொறுத்தாச்சு."

வாழைப்பழம் வாங்க வேண்டும். வெல்லம்.

ஆனி 8, சனி. காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து.

மைக்ராஸ்கோப் கொண்டுவந்தார். நல்ல ஆண்: விந்தணுக்கள் சீவிய முடிக்கற்றை போல, அவிழ்ந்து, சுழன்று நீந்துகின்றன. ஏழாம் குப்பி ஆண்: கற்றை உண்டாகிறது, அவிழவில்லை. வால் பாதியில் நின்றுபோன இழைகள். அசைவே இல்லை.

வெளியே ஒரு குறையும் கிடையாது. சிறகை விரித்துப் பெண்ணைச் சுற்றுகிறது. சேர்கிறது. குனிந்திருந்த இவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை: "புள்ளயத்தான் காணோம், ஈ எண்ணிக்கினு கீறா."

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே: "தோல் நாத்தம்கூட பழகிடுச்சு. உங்க வாழப்பழ நாத்தம்தான் ஒரே பேஜாரு."

ஆனி 20, வியாழன். தூறல்.

கஸ்தூரியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவளிடம்: இருபது வயது, இடுப்புக்குக் கீழே முடி, கன்னத்தில் குழி. என்னிடம்: ஆறு வருஷம், ஒரு அலமாரி புத்தகம்.

"அக்கா, ஈயில எது ஆம்பள?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தன் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். என்னை அதைத் தொடவிட்டது கல்யாணமாகி இரண்டாம் வருஷம்தான்.

"அய்ய, இது இன்னா மூஞ்சி, எங்க மாமா மாதிரி," என்றாள். சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. உள்ளே போய் அரிசி களைந்தேன். இரண்டு தடவை.

ஆவணி 6. வெயில்.

கல்யாணம். தாலித் தட்டை மூத்தவளே எடுத்துத் தர வேண்டுமாம். தந்தேன். "பெரிய மனசு" என்றார்கள். மனசு ஒன்றும் பெரிதில்லை. அதே ஆண், புதுப் பெண். இவருடைய சோதனை முறைதான் இது, இவருக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவு காலியாக இருக்க வேண்டும். இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

அவள் கொண்டுவந்த பெட்டியை என் அறையில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் வருஷம், தை 2. பனி.

கஸ்தூரிக்குக் குழந்தை இல்லை. அத்தை வேறு பெண் பார்க்கலாம் என்றார்கள். "வேண்டாம், ரெண்டு பக்கமும் பார்த்தாச்சு" என்றார். நானும் கஸ்தூரியும் பார்த்துக்கொண்டிருக்க, குப்பிகளை எல்லாம் கூடையில் அடுக்கிக் கல்லூரிக்கே எடுத்துப் போய்விட்டார்.