நாங்கள் வளர்ப்பது போதைச் செடியல்ல

அன்புள்ள ஹலீமா, உனக்கும் அத்தாவுக்கும் என் சலாம். நலமாக இருக்கிறேன்.

எங்கள் பண்ணையில் இருப்பது போதை தராத நார்க்கஞ்சாதான் என்று நேற்று ஆய்வகம் மரபணுவைப் பார்த்து உறுதி செய்தது. போதைக் கஞ்சாவும் இதுவும் ஒரே இனம்; போதையை உண்டாக்கும் மரபணு மட்டும் இதில் வேலை செய்யாது. விதை கலந்துவிட்டதாகப் பேச்சு வந்தபோது, நம் வயலில் கலப்பு நெல்லைப் பிடுங்குவதுபோல நெட்டைச் செடிகளைப் பிடுங்கிவிட்டேன். "கண்ணால பாத்துச் சொல்ல இது என்ன பொன்னியா பாய்?" என்று சிரித்தார் உடன் வேலை செய்யும் நாகநாதன்.

எரிவாயுக் குழாய் பதிக்க ஆட்கள் நம் வயலுக்கு வந்தால் தனியாக மறிக்காதே, அண்ணனைக் கூப்பிடு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு.

ஆனாலும் நார்க்கஞ்சாவிலும் துளி போதைப்பொருள் ஊறும். அதன் அளவு வெள்ளிக்கிழமை தெரியும். சட்டம் அனுமதிக்கும் அளவைவிடக் கூடினால் பயிரை அழித்து எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கூடக் கூடாதென்று நீ துஆ செய்; ஊர் நினைப்பில் எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

உன்
ஜெக்கரியா